இன்ஜினியரிங் முடித்தவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் 2013-ல் சேர்ந்து 2017-ல் வெளியே வந்த மெக்கானிக்கல் பேட்ச். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் ஒன்று, பெயர் வேண்டாம். கல்யாண வீட்டுப் பந்தியில், ஊருக்குப் போகும் பஸ்ஸில், அம்மாவின் போன் வழியாக என்று ஊர்ப் பசங்களும் அவர்களுடைய அப்பாக்களும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனியாக வாய்ஸ் நோட் போட்டு அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன். பதில்களில் பாதி என்னோடு படித்தவர்கள் சொன்னவை. கேள்விகளை மட்டும் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

அண்ணா, அண்ணா யூனிவர்சிட்டில படிச்சேன்னு சொல்றீங்க, ஆனா கிண்டில படிக்கலையாமே?

இல்லை. கிண்டி என்று எல்லோரும் சொல்வது பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகம். அங்கிருக்கும் பொறியியல் கல்லூரி 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது, பல்கலைக்கழகம் வந்ததே 1978-ல்தான். அந்தக் கல்லூரி, ஏ.சி. டெக் என்கிற அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., கட்டடக்கலைப் பள்ளி ஆகிய நான்கும்தான் ‘கேம்பஸ்’. மற்றபடி மாவட்டம் மாவட்டமாக இருக்கும் நூற்றுக்கணக்கான தனியார் கல்லூரிகள் இணைப்புக் கல்லூரிகள். பாடத்திட்டம் போடுவதும் செமஸ்டர் தேர்வு நடத்துவதும் பட்டம் தருவதும் பல்கலைக்கழகம், மற்ற எல்லாம் அந்தந்தக் கல்லூரி நிர்வாகம். இதில் தன்னாட்சி வாங்கிய கல்லூரிகள் தேர்வையும் தாங்களே நடத்திக்கொள்ளும்.

உங்கள் சித்தப்பா பையன் சர்டிபிகேட்டில் ‘அண்ணா பல்கலைக்கழகம் கோயம்புத்தூர்’ என்றோ ‘திருச்சி’ என்றோ இருந்தால் பயப்பட வேண்டாம், போலி இல்லை. 2007-ல் பல்கலைக்கழகத்தை ஊர்வாரியாகப் பிரித்தார்கள், 2012-ல் மறுபடி ஒன்றாக்கினார்கள். வெளிநாட்டு விண்ணப்பங்களில் இதை விளக்கி ஒரு பாரா எழுத வேண்டி வந்த சீனியர்கள் நிறைய.

கவுன்சலிங்ல என்ன நடக்கும்? ஏன் எல்லாரும் அதைப் போர்க் கதை மாதிரி சொல்றீங்க?

இப்போது வீட்டிலோ சேவை மையத்திலோ உட்கார்ந்து விருப்பப் பட்டியலைப் பதிவு செய்கிறீர்கள். 2018-ல்தான் அது முழுக்க ஆன்லைனுக்குப் போனது, அதற்கு அடுத்த வருடம் நடத்தும் பொறுப்பும் பல்கலைக்கழகத்திடமிருந்து தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கு மாறியது. அதற்கு முன் எல்லோரும் சென்னைக்கு வர வேண்டும். ராத்திரி பஸ் ஏறி, கோயம்பேட்டில் முகம் கழுவி, ஃபைலோடு அப்பாவோடு கிண்டிக்குப் போய், பெரிய திரையில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் பாக்கி என்று ஓடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். நம் முறை வருவதற்குள் நாம் நினைத்து வைத்த கல்லூரி காலி ஆகிவிடும்.

200-க்கான கட்-ஆஃப், கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, அன்றும் இன்றும் அதேதான். நான்கு வருடத்தைத் தீர்மானிக்கும் முடிவை உள்ளே போன சில நிமிடங்களில் எடுத்தோம். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அந்தக் கல்லூரியைப் பற்றி அறிந்திருந்தது, வழியில் பார்த்த விளம்பரப் பலகையும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொன்னதும் மட்டும்.

ஃபர்ஸ்ட் கிராஜுவேட்னா ஃபீஸே கட்ட வேண்டாமாமே?

அப்படி இல்லை. குடும்பத்தில் பட்டம் வாங்கியவர் யாரும் இல்லை என்று தாசில்தார் அலுவலகத்தில் சான்று வாங்கிக் கொடுத்தால், கவுன்சலிங் மூலம் சேர்ந்தவர்களுக்குக் கல்விக் கட்டணத்தில் அரசு ஒரு பகுதியை ஏற்கிறது. 2010-11-ல் வந்த திட்டம். மேனேஜ்மென்ட் கோட்டாவில் போனால் கிடையாது. அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே வாங்கியிருந்தால் தம்பிக்குக் கிடையாது. ஹாஸ்டல், மெஸ், பஸ், அப்புறம் வருடா வருடம் புதுப் பெயரில் வரும் கட்டணங்கள் இதில் அடங்காது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-லிருந்து 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, அதில் சேர்ந்தவர்களின் செலவை அரசே பார்த்துக்கொள்கிறது. எங்கள் காலத்தில் அது இல்லை.

பணத்தை விடப் பெரிய குறை வேறொன்று. ‘கிரெடிட்’ என்றால் என்ன, ‘எலெக்டிவ்’ எதை எடுப்பது, துறைத் தலைவரான எச்.ஓ.டி.-யைப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்க வீட்டில் ஆளே இல்லை. வீட்டில் இன்ஜினியர் இருந்த பசங்களுக்கு இதெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் தெரிந்துவிடும். நாங்கள் மூன்றாம் வருடம் வரை யாரையும் கேட்காமலே நடந்தோம். கீழே வரும் பல கேள்விகளில் நாங்கள் சிக்கிக்கொண்டதற்கு இதுதான் காரணம்.

ப்ளஸ் டூல மேத்ஸ்ல 190 எடுத்தவனும் எம்-ஒன்ல போறானாமே, நிஜமா?

நிஜம். 200-க்கு எடுத்த அந்த 190 எப்படி வந்தது என்று பாருங்கள். புத்தகத்தின் பின்னால் இருக்கும் கணக்கு, பத்து வருடக் கேள்வித்தாள், காலை ஆறு மணி ஸ்பெஷல் கிளாஸ், பல பள்ளிகளில் ப்ளஸ் ஒன் பாடத்தையே தொடாமல் நேராக ப்ளஸ் டூ. முதல் செமஸ்டர் கணக்குத் தாளான எம்-ஒன் அந்த ப்ளஸ் ஒன் கணக்கின் மேல்தான் நிற்கிறது. அதோடு முதல் நாளே எல்லாம் ஆங்கிலம். தமிழ் மீடியத்தில் மாநில அளவுக்குப் பக்கத்தில் மதிப்பெண் எடுத்த என் நண்பனுக்குக் கணக்கு வராமல் இல்லை, கேள்வி என்ன கேட்கிறது என்று புரியவே முதல் செமஸ்டர் போய்விட்டது.

இன்னொரு பள்ளம் இன்ஜினியரிங் கிராபிக்ஸ். ட்ராஃப்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் போவது முதல் வாரம் கௌரவமாக இருக்கும், ஐசோமெட்ரிக் வரும்போது கண் கலங்கும். படம் வராதவன் பக்கத்தில் வரைபவனோடு உட்கார்ந்து பழகினால் ஒரு மாதத்தில் வந்துவிடும், நாங்கள் பார்த்தது அதுதான்.

லோக்கல் ஆத்தர் புக் படிச்சா போதுமா அண்ணா?

பாஸ் ஆகப் போதும். எங்கள் காலத்தில் பத்து டூ மார்க், ஐந்து சிக்ஸ்டீன் மார்க், அந்த அச்சுக்கே வெட்டிக் கொடுத்த புத்தகங்கள் அவை. அடுத்து வந்த 2017 ரெகுலேஷனில், அதாவது பாடத்திட்ட விதிகளில், சிக்ஸ்டீன் மார்க் போய்ப் பதின்மூன்றும் பதினைந்தும் ஆனது, புத்தகங்களும் அட்டை மாறி வந்தன. எம்.டெக். நுழைவுத் தேர்வான கேட் எழுத நினைப்பவர்களும் கோர், அதாவது படித்த துறை சார்ந்த வேலை இன்டர்வியூவுக்குப் போகிறவர்களும் தெர்மோடைனமிக்ஸ், ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் இரண்டையாவது நல்ல நூலில் ஒருமுறை படியுங்கள். இன்டர்வியூவில் எங்களைத் திணறடித்தவை எல்லாம் இரண்டாம் வருட அடிப்படைக் கேள்விகள்தான்.

ஒரு அரியர் விழுந்தா லைஃப் காலியா?

காலி இல்லை. ஆனால் ‘அதெல்லாம் பரவாயில்ல மச்சான்’ என்று சொல்பவனையும் நம்பாதீர்கள். அரியர் என்பது தேறாமல் போன தாள், இதில் இரண்டு விஷயம் இருக்கிறது, அதைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். இன்னும் கிளியர் செய்யாமல் கையில் இருப்பது ஸ்டாண்டிங் அரியர். முன்பு விழுந்து பிறகு எழுதித் தேறியது ஹிஸ்டரி. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் பெரும்பாலான ஐ.டி. நிறுவனங்கள் பார்ப்பது முதலாவதை. சில கோர் நிறுவனங்கள் இரண்டாவதையும் பார்க்கும். ஹிஸ்டரி இருந்தால் டிஸ்டிங்ஷன் கிடையாது, ஏனென்றால் சி.ஜி.பி.ஏ. 8.5-க்கு மேல் இருந்தாலும் எல்லாத் தாளும் முதல் முயற்சியிலேயே தேறியிருக்க வேண்டும். வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் ஆன பிறகு இதை யாரும் கேட்டதாக எங்கள் குழுவில் ஒருவரும் சொல்லவில்லை.

உண்மையான ஆபத்து எண்ணிக்கை கூடுவதுதான். இரண்டாவது செமஸ்டரில் இரண்டு, மூன்றாவதில் மூன்று என்று சேர்ந்தால், ஏப்ரலில் நடப்புத் தாளோடு பழைய தாளும் ஒரே வாரத்தில் வரும், எதையும் ஒழுங்காக எழுத முடியாது. எங்கள் வகுப்பில் டிகிரி முடிக்காமல் நின்றவர்கள் யாரும் மந்தமானவர்கள் இல்லை. இப்படிக் குவியவிட்டு, வீட்டில் சொல்லாமல் மறைத்து, தேர்வுக் கட்டணம் கட்டும் தேதியையே தவறவிட்டவர்கள். வீட்டுக்குத் தெரியாமல் இருக்க ரிசல்ட் நாளில் போனை ஆஃப் செய்துவிட்டுச் சுற்றிய கூட்டம் அது.

மொத்த அவகாசம் ஏழு வருடம், அதாவது பதினான்கு செமஸ்டர். அதைத் தாண்டியவர்களுக்கும் அவ்வப்போது சிறப்பு வாய்ப்பு வரும். 2021 கடைசியில் 2001-02-லிருந்து சேர்ந்தவர்களுக்கெல்லாம் அப்படி ஒன்று கொடுத்தார்கள், கூடுதல் கட்டணத்தோடு. பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து அப்பாக்கள் தேர்வு எழுதினார்கள் என்றால் கேலி செய்யாதீர்கள், பதவி உயர்வுக்குப் பட்டம் கட்டாயமாக இருக்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. 2020 ஆகஸ்டில், கொரோனா நேரத்தில், தேர்வுக் கட்டணம் கட்டியவர்கள் எல்லோரும் பாஸ் என்று அரசு அறிவித்ததும், முதல்வருக்கு போஸ்டர் ஒட்டியதும், பிறகு அது உயர் நீதிமன்றம் வரை போய்த் தேர்வு நடந்ததும் தனிக் கதை.

ஒரு மார்க், ரெண்டு மார்க்ல போச்சுன்னா ரீவேல்யூவேஷன் போடலாமா?

போடலாம், முதலில் விடைத்தாளின் நகலை வாங்கிப் பாருங்கள், அந்தப் பாட ஆசிரியரிடம் காட்டுங்கள், அவர் தேறும் என்றால் போடுங்கள். நேரடியாகப் பணம் கட்டிக் கடவுளை வேண்டியவர்களுக்கு வந்த பதில் பெரும்பாலும் ‘மாற்றம் இல்லை’. இன்னொன்று, ரீவேல்யூவேஷன் முடிவு வருவதற்குள் அடுத்த தேர்வுக்குக் கட்டணம் கட்டும் தேதி போய்விடும். அதையும் கட்டி வையுங்கள்.

இன்டர்னல் மார்க்க வெச்சு ஸ்டாஃப் பழி வாங்குவாங்களா?

எங்கள் 2013 ரெகுலேஷனில் கல்லூரியே போடும் இன்டர்னல் 20, எழுத்துத் தேர்வு 80. இருபதில் என்ன பழி வாங்கிவிட முடியும்? 2021 ரெகுலேஷனில் தியரிக்கே இன்டர்னல் 40 ஆகிவிட்டது, அதனால் உங்கள் பயம் எங்கள் பயத்தை விடக் கொஞ்சம் நியாயமானது. ஆனாலும் நாங்கள் இப்போது நினைத்துப் பார்த்தால், பழி வாங்கிய ஆசிரியர் என்று ஒருவரைத்தான் சொல்ல முடிகிறது. மற்றவர்கள் பெரும்பாலும் எங்களை விட ஐந்தாறு வயது மூத்தவர்கள், அப்போதுதான் எம்.இ. முடித்துக் குறைந்த சம்பளத்துக்கு வந்தவர்கள், சேர்க்கைக் காலத்தில் ஊர் ஊராகப் போய் ஆள் பிடிக்கும் வேலையும் அவர்கள் தலையில்தான். அது அன்று எங்களுக்குத் தெரியாது.

ஹாஸ்டலா, டே ஸ்காலரா, எது பெஸ்ட்?

பணமும் தூரமும்தான் தீர்மானிக்கும். கல்லூரி பஸ்ஸில் தினமும் மூன்று மணி நேரம் போய்வந்த டே ஸ்காலர்கள் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டார்கள், ஆனால் பஸ் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடும் என்பதால் வகுப்பைத் தாண்டி எதிலும் இருக்க முடியவில்லை. ஹாஸ்டலில் இருந்தவர்களுக்கு மெஸ் சாம்பாரும் ஒன்பது மணி அட்டெண்டன்ஸும், கூடவே தேர்வுக்கு முந்தின ராத்திரி ஒருவன் பாடம் நடத்த அறை முழுக்கப் பசங்கள் உட்கார்ந்து கேட்பதும். எங்களில் பலரைப் பாஸ் செய்ய வைத்தது அந்த ராத்திரி வகுப்புதான், பகல் வகுப்பு இல்லை. ஹாஸ்டலர் நண்பன் ஒருவன் இருந்தால் டே ஸ்காலரும் தேர்வுக் காலத்தில் அங்கே போய்விடலாம், வார்டன் கண்டும் காணாமல் விட்டால்.

ராகிங் இருக்குமா தம்பி? பையனை அனுப்பவே பயமா இருக்கு.

முதல் வாரம் பெயர் கேட்பதும் பாட்டுப் பாடச் சொல்வதும் எங்கள் காலத்திலும் இருந்தது. அதற்கு மேல் போனால் விளையாட்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1996-ல் சிதம்பரத்தில் பொன் நாவரசு என்ற முதலாண்டு மருத்துவ மாணவர் ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகுதான் 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டமே வந்தது. தேசிய உதவி எண் 1800-180-5522, இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கும், பையன் போனில் பதிந்து அனுப்புங்கள். வீட்டில் திட்டுவார்கள் என்ற பயம் இல்லாமல் அவன் உங்களிடம் சொல்லும்படி வையுங்கள். மறைத்தவர்கள்தான் அதிகம் பட்டார்கள்.

பசங்களும் பொண்ணுங்களும் பேசினா ஃபைன் போடுவாங்களாமே, உங்க காலேஜ்லயும் அப்படியா?

ஃபைன் இல்லை, அப்பாவுக்கு போன். பஸ்ஸில் பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால், படிக்கட்டு தனி, கேன்டீன் வரிசை தனி. லேப் குழு கூடப் பெரும்பாலும் ஆண்கள் தனி, பெண்கள் தனி. இதைச் சொன்னால் கேம்பஸில் படித்தவர்கள் நம்ப மாட்டார்கள்.

அப்போது எங்களுக்கு இது கேலிப் பொருள். எங்கள் வகுப்பில் படித்த பெண்களிடம் இதற்காகக் கேட்டபோது அவர்கள் சொன்னது வேறு. பெண்கள் ஹாஸ்டல் கதவு ஆறரைக்கு மூடும், ஆண்களுக்கு ஒன்பது. லைப்ரரி, ப்ராஜெக்ட் லேப், சாயங்கால கோடிங் வகுப்பு எல்லாம் நடந்தது அந்த ஆறரைக்கு மேல். மெக்கானிக்கலில் பெண்களா, வேலைக்கு எடுக்க மாட்டார்கள் என்று முகத்துக்கு நேராகச் சொன்ன ஆசிரியரும் உண்டு. இப்படி எல்லாம் இருந்தும் வகுப்பில் முதல் ஐந்து இடத்தில் மூன்று பேர் பெண்கள். அதில் ஒருவர் சொன்ன ஒரு விஷயத்தை மறக்க முடியவில்லை: வேலைக்குப் போன முதல் வருடம் ஆண் சக ஊழியரிடம் சந்தேகம் கேட்கவே தயக்கமாக இருந்ததாம், கல்லூரி பழக்கிவிட்ட தயக்கம்.

ஐ.வி., சிம்போசியம் எல்லாம் வேஸ்ட் தானே? அப்பா காசு தர மாட்டேங்கறார்.

தொழிற்சாலை பார்க்கக் கூட்டிப் போகும் ஐ.வி. பற்றி அப்பா சொல்வது பாதி சரி. தொழிற்சாலையைப் பார்ப்பது ஒரு மணி நேரம், மீதி மூன்று நாளும் மைசூரும் வொண்டர்லாவும். காசு இருந்தால் போங்கள், கடன் வாங்கிப் போக வேண்டாம்.

கல்லூரிகள் மற்ற கல்லூரி மாணவர்களையும் அழைத்து நடத்தும் சிம்போசியம் வேறு. ஓ.டி., அதாவது வகுப்புக்கு வராமலே அட்டெண்டன்ஸ், கிடைக்கும் என்பதற்காகத்தான் நாங்களும் கிளம்பினோம். இன்னொரு கல்லூரியில் போய்ப் பேப்பர் பிரசென்டேஷன் என்று பத்து ஸ்லைடை ஆங்கிலத்தில் உளறிவிட்டு, மதியம் அவர்கள் போட்ட வெஜ் பிரியாணி சாப்பிட்டுத் திரும்பினோம். ஆனால் அந்த உளறல்தான் முன்பின் தெரியாதவர் முன்னால் நின்று பேசிய முதல் அனுபவம். நாலாவது தடவை உளறல் குறைந்தது. பிளேஸ்மென்டில் முதல் சுற்றில் தேர்வானவர்களைப் பார்த்தால் இப்படிச் சுற்றிய பசங்கள்தான் அதிகம். இன்னொன்று, நல்ல லேப் எப்படி இருக்கும் என்று நாங்கள் தெரிந்துகொண்டதே கோவையிலும் கிண்டியிலும் போய்ப் பார்த்துத்தான்.

உங்க பேட்ச் எக்ஸாமே ஒழுங்கா எழுதலையாமே, வெள்ளம் புயல்னு தள்ளித் தள்ளி வெச்சாங்களாம்?

எழுதினோம், தாமதமாக. 2015 நவம்பர், டிசம்பர் மழையில் தேர்வு தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது, சென்னைப் பசங்கள் சிலருக்குப் புத்தகமே தண்ணீரில் போனது. அடுத்த வருடம் நவம்பர் 8-ல் பணமதிப்பிழப்பு, மெஸ் பில் கட்ட ஏ.டி.எம். வரிசையில் படித்துக்கொண்டே நின்றோம். டிசம்பர் 5-ல் ஜெயலலிதா மறைவு, 12-ல் வர்தா புயல். அதோடு பொங்கல் முடிந்ததும் ஜல்லிக்கட்டுப் போராட்டம். மெரினாவுக்குப் போக முடியாதவர்கள் அவரவர் ஊரில் கலெக்டர் அலுவலகம் முன்னால் உட்கார்ந்தோம், எல்லோரும் சேர்ந்து வகுப்புக்கு மட்டம் போடும் மாஸ் பங்க் அடித்தாலே சஸ்பெண்ட் என்று மிரட்டும் கல்லூரி விடுமுறை விட்டுவிட்டது. பெண்களும் ஆண்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பாடு பகிர்ந்ததை எங்கள் கல்லூரி வாழ்க்கையில் அந்த ஒரு வாரம்தான் பார்த்தோம். கடைசி நாள் தடியடியில் அது முடிந்த விதம் இன்னமும் கசப்புதான்.

பிளேஸ்மென்ட் 100 பர்சென்ட்னு போர்டு வெச்சிருக்காங்களே, நம்பலாமா?

எத்தனை பேர் தகுதி பெற்றவர்கள் என்று கேளுங்கள். அரியர் உள்ளவர், பத்தாவதிலோ பன்னிரண்டாவதிலோ 60 சதவீதத்துக்குக் கீழே எடுத்தவர், ‘விருப்பம் இல்லை’ என்று கையெழுத்துப் போட்டவர் எல்லோரையும் கழித்துவிட்டு மீதியில் நூறு சதவீதம் காட்டுவார்கள். ஒரே பையனுக்கு மூன்று ஆஃபர் வந்தால் மூன்றாக எண்ணுவார்கள். ஆஃபர் லெட்டர் வந்து ஒரு வருடம் ஆகியும் அழைப்பு வராமல் காத்திருந்தவர்களும் அந்தப் போர்டில் போட்டோவாக இருந்தார்கள்.

சம்பளமும் கேளுங்கள். பெரிய ஐ.டி. நிறுவனங்கள் புதிதாக வருபவர்களுக்குக் கொடுத்த மூன்று, மூன்றரை லட்சம் பத்து வருடத்துக்கும் மேலாக அதே இடத்தில்தான் கிடந்தது, அதற்குள் சென்னையில் பி.ஜி. விடுதி வாடகை எங்கேயோ போய்விட்டது. மெக்கானிக்கல் பசங்களுக்கு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கம் டிரெய்னி வேலை, பெரும்பாலும் ஒப்பந்தம். தரமணியில் இருக்கும் அப்ரண்டிஸ் வாரியம் மூலம் ஒரு வருடப் பயிற்சிக்குப் போகலாம் என்பதே எங்களில் பலருக்குப் படிப்பு முடிந்த பிறகுதான் தெரியும், உதவித்தொகை குறைவுதான் என்றாலும் பெரிய தொழிற்சாலைக்குள் நுழைய அது ஒரு நேர்வழி.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் காசு கொடுத்து வாங்கிக்கலாமா?

எல்லோரும் வாங்குகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும், அதனால்தான் கேட்கிறீர்கள். ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் வாங்கிய அதே பைக் சைலன்சர் மாடல் மூன்று வருடம் மூன்று குழுக்களோடு எங்கள் கல்லூரியின் வாய்மொழித் தேர்வான வைவாவில் வந்தது, பெயின்ட் மட்டும் மாறியது. வைவாவில் யாரும் கேட்கவில்லை. இன்டர்வியூவில் கேட்டார்கள். ‘உன் ப்ராஜெக்ட்டைச் சொல்லு’ என்பதைத் தவிர அனுபவம் இல்லாதவனிடம் வேறு என்ன கேட்க முடியும்? பக்கத்து லேத் பட்டறையில் போய் நின்று, சுமாராக ஓடும் ஒன்றைத் தாங்களே செய்த குழு அந்தக் கேள்விக்கு அரை மணி நேரம் பேசிவிட்டு வந்தது.

எஜுகேஷன் லோன் வாங்கினா மாட்டிக்குவோமா?

எழுதியதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள் மாட்டினார்கள். 4 லட்சம் வரை பொதுவாக அடமானம் கேட்கக்கூடாது. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிக்கும் காலத்துக்கும் அதற்கு மேல் ஒரு வருடத்துக்கும் வட்டியை மத்திய அரசு கட்டும் திட்டம் இருக்கிறது, அதற்கு வருமானச் சான்றை நாம் கொடுக்க வேண்டும், கிளை மேலாளர் தேடி வர மாட்டார். எங்கள் வகுப்பில் அந்தச் சான்றைக் கொடுக்காதவர்களுக்கு நான்கு வருட வட்டியும் அசலோடு ஏறியிருந்தது. வேலை கிடைக்காவிட்டால் ஓடி ஒளியாமல் வங்கிக்குப் போய்த் தவணையை மாற்றிக் கேளுங்கள், கட்டாமல் விட்டால் அப்பாவின் சிபில் மதிப்பும் சேர்ந்து விழும். கட்டும் வட்டிக்கு எட்டு வருடம் வரை வருமான வரிச் சலுகை உண்டு, பழைய வரி முறையில் இருந்தால்.

முடிச்சதும் என்னென்ன சர்டிபிகேட் வாங்கணும்? ஏதோ ஒண்ணு விட்டுட்டா பிரச்சினையாமே?

டி.சி., ஒவ்வொரு செமஸ்டர் மார்க் ஷீட், கன்சாலிடேட்டட் மார்க் ஷீட், ப்ரொவிஷனல், பட்டமளிப்புக்குப் பிறகு டிகிரி சர்டிபிகேட். சேரும்போது கொடுத்த பத்தாவது, பன்னிரண்டாவது ஒரிஜினலும் திரும்ப வர வேண்டும். ஒரிஜினலைப் பிடித்து வைக்கக் கல்லூரிக்கு உரிமை இல்லை, தொழில்நுட்பக் கல்விக்கான தேசிய அமைப்பான ஏஐசிடிஇ விதியிலேயே இருக்கிறது. பாக்கி இருக்கிறது என்று பிடித்து வைத்தால் எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் என்றதும் பல நேரம் கிடைத்துவிடுகிறது. வெளிநாடு போகிறவர்களுக்கு டிரான்ஸ்கிரிப்ட் தனி. ஜெர்மனிக்கு என்றால் 2022 நவம்பரிலிருந்து நம் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றும் கட்டாயம், அதற்கே மாதக்கணக்கில் ஆகலாம்.

எல்லாவற்றையும் விட நம் ஊர்த் தலைவலி இனிஷியல். பத்தாவது மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், டிகிரியில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து சர்நேமாக. துபாயிலும் டொராண்டோவிலும் இருப்பவர்கள் இது மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அலைந்திருக்கிறார்கள். செமஸ்டர் மார்க் ஷீட்டில் ஓர் எழுத்து தப்பாக இருந்தாலும் படிக்கும்போதே திருத்துங்கள். கல்லூரி ஆபீஸில் ஒரு விண்ணப்பத்தோடு முடியும் வேலை, வெளியே வந்த பிறகு கிண்டிக்கு நடையாகிவிடும்.

மெக்கானிக்கல் படிச்சிட்டு இப்ப சாஃப்ட்வேர்ல இருக்கீங்களே, படிச்சது வீண்தானே?

என் மாமாவும் இதைக் கேட்பார். தெர்மோடைனமிக்ஸ் வீண், ஆம். ஆனால் அந்தத் துறைப் பெயர் இல்லாமல் கேம்பஸ் இன்டர்வியூ வரிசையிலேயே நின்றிருக்க முடியாது. எங்கள் வகுப்பில் இன்று மெக்கானிக்கல் வேலையில் இருப்பவர்கள் சிறுபான்மை. வங்கியில், விஏஓ-வாக, பேக்கரி வைத்து, ஸ்விக்கி ஓட்டிக்கொண்டே குரூப் 2 படித்து என்று பல மாதிரி இருக்கிறார்கள். கோரில் நிலைத்தவர்களைப் பார்த்தால் அதிகம் பட்டறைக் குடும்பத்துப் பசங்கள், முதல் சில வருடக் குறைந்த சம்பளத்தை வீடு தாங்கியது. எனக்கு வருத்தம், வேறு துறைக்குப் போனதில் இல்லை. மூன்றாம் வருடமே அப்படித்தான் ஆகும் என்று தெரிந்திருந்தால் பைத்தானை அப்போதே கற்றிருக்கலாம், அதைச் சொல்ல ஓர் ஆள் கிடைக்கவில்லை. முதல் பட்டதாரி பற்றிய பதிலில் சொன்னது இங்கேயும் பொருந்தும்.

ரீயூனியன்னு கூப்பிடறாங்க, எனக்கு இன்னும் செட் ஆகல, போகவா வேண்டாமா?

இந்தக் கேள்வி ஜூனியரிடமிருந்து வரவில்லை, என் பேட்சிலிருந்தே வந்தது, அதுவும் ஒருவரிடமிருந்து மட்டும் இல்லை. போனால் முதல் அரை மணி நேரம் கம்பெனி, பேக்கேஜ், ஆன்சைட், கல்யாணம் என்றுதான் போகும். அதைத் தாங்க முடியாத மனநிலை என்றால் போகாதீர்கள், யாரும் நினைவில் வைத்துக்கொள்ளப் போவதில்லை. அதற்குப் பதிலாக நெருக்கமான இரண்டு பேரைத் தனியாகப் பாருங்கள்.

வேலை வேண்டும் என்றால் குழுவில் பொதுவாக ‘ஏதாவது இருந்தா சொல்லுங்கடா’ என்று போடாமல், குறிப்பிட்ட ஆளுக்குக் குறிப்பிட்ட வேலையைச் சொல்லி ரெசியூமேயோடு அனுப்புங்கள். எங்கள் பேட்சில் இரண்டாவது வேலை கிடைத்தவர்களில் பெரும்பாலோருக்கு அது ஒரு வகுப்பு நண்பனின் ரெஃபரல். நான்கு வருடம் அதிகம் பேசாதவன் செய்து கொடுத்ததும் உண்டு.

கடைசியா சொல்லுங்க தம்பி, என் பையனை அந்தக் காலேஜ்ல சேர்க்கலாமா?

எங்கள் கல்லூரியைக் கேட்கிறீர்கள் என்றால், நான் படித்தபோது இருந்த ஆசிரியர்களில் பாதிப் பேர் இப்போது அங்கே இல்லை, என் பதில் பழையது. ஒவ்வொரு செமஸ்டருக்கும் கல்லூரிவாரியான தேர்ச்சி விகிதத்தைப் பல்கலைக்கழகம் வெளியிடுகிறது, முதலில் அதைப் பாருங்கள், நவம்பர் தேர்வையும் ஏப்ரல் தேர்வையும் சேர்த்து. பிறகு சேர்க்கை அலுவலகம் காட்டும் ஏ.சி. அறையை விட்டுவிட்டு ஒரு வேலை நாளில் போங்கள். வாசலில் இருக்கும் டீக்கடையில் மூன்றாம் வருடப் பையன் யாராவது நிற்பான். மெஷின் லேபில் எத்தனை லேத் ஓடுகிறது, இந்த வருடம் எத்தனை ஆசிரியர் மாறினார்கள், போன பேட்சில் அவனுக்குத் தெரிந்த எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள் என்று மூன்றே கேள்வி கேளுங்கள். பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள், கேள்வியை அவன் கேட்கட்டும்.